அருவங்காட்டு வெடிமருந்து

மலை ரயில் அருவங்காட்டில் நிற்கும்போதெல்லாம் என் மனத்தில் ஒரு கேள்வி எழும்: போருக்கான மருந்தை இம்மலையில் ஏன் செய்தார்கள்?

பழைய கருமருந்து என்பது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற கலவை. அதன் புகை, சுட்டவன் இருக்குமிடத்தைப் பகைவனுக்குக் காட்டிக்கொடுத்தது. 1889இல் ஏபல், டீவர் என்னும் பிரிட்டிஷ் அறிஞர்கள் புகை குறைந்த கார்டைட்டைக் கண்டனர். நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, வாசலின் சேர்ந்த பசையைக் கயிறுபோல் பிழிந்தெடுப்பதால் அப்பெயர். நைட்ரோகிளிசரின் உருவாகும்போது வெப்பம் பெருகும். தணிக்கத் தவறினால் வெடித்துவிடும். ஆகவே, 1903இல் நிறுவப்பட்ட இத்தொழிற்சாலைக்கு மலைக்குளிர் துணையாயிற்று; காட்டேரி அருவி மின்சாரம் தந்தது.

இரு உலகப் போர்களிலும் (1914–18, 1939–45) இந்தியாவில் செய்த தோட்டாக்களுக்கு உந்துமருந்து இங்கிருந்து சென்றது. இங்கிலாந்துக் கப்பலை மட்டுமே நம்பியிருக்க வேண்டிய நிலை நீங்கிற்று.

போர் வரலாற்றில் தளபதிகளின் பெயர்கள் நிலைத்துவிட்டன. உயிரைப் பணயம் வைத்து மருந்து செய்த தொழிலாளியின் பெயர் நம் பாடநூலில் இல்லை. அவர்தம் கொள்ளுப்பேரர்கள் நம் வகுப்புகளிலேயே இருக்கலாம். அவர்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதிவைப்பது வரலாறு பயிலும் நம் கடமையன்றோ!