ஜாதிக் குதிரைச் சங்கமும் அங்கத்தினர் கடமையும்

புதுக்கோட்டை ஜில்லாவில் குதிரையென்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது குளமங்கலம் அய்யனார் கோயில் முன் முப்பது அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் குதிரைச் சிலையே. மாசி மகத்தன்று அதற்குக் காகித மாலைகள் குவியும். உயிருள்ள குதிரைகளோ சொற்பம். அவையும் பெரும்பாலும் திருவிழாக்களில் மாட்டு வண்டிகளோடு ஓடும் குதிரை வண்டிப் பந்தயத்திற்கென வளர்க்கப்படுபவை.

தமிழ்நாடு ஒருகாலும் குதிரை விருத்திக்குப் பேர்போன நாடன்று. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர்கள் ஆர்மூஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஏராளமாய்க் குதிரைகளை வரவழைத்தும், பராமரிக்கத் தெரிந்தவர் இன்மையால் அவற்றுட் பல மடிந்தன என்று மார்க்கோ போலோ எழுதியுள்ளார். இன்றும் ஜாதிக் குதிரை வேண்டுவோர் அந்தியூர் ஆடிச் சந்தையை நாடி, வடக்கேயிருந்து வரும் மார்வாரி, காத்தியவாரிக் குதிரைகளை வாங்குகின்றனர்.

வாங்குவோர் பல், சுழி, காது ஆகியவற்றைப் பார்த்து விலை பேசுவது வழக்கம். பல் வயதைக் காட்டும். சுழி அவரவர் மனத்திருப்தியைப் பொறுத்தது. காதோ ஏமாற்றும், நுனிகள் உள்வளைந்து தொடுவது மார்வாரிக்கும் உண்டு, காத்தியவாரிக்கும் உண்டு, கலப்புக் குட்டிக்கும் வரக்கூடும். தாய் தந்தை இன்னவையென்று எந்த அங்க லட்சணமும் சொல்லாது. அதைச் சொல்ல ஒரு வம்சப் பதிவேடு வேண்டும். அதை நடத்த ஒரு சங்கம் வேண்டும்.

இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகளுக்கு 1791-லேயே இத்தகைய பதிவேடு அச்சாயிற்று. மார்வாரி ஜாதியோ க்ஷீணித்துவந்த காலத்தில், 1930-களில் ஜோத்பூர் மகாராஜா உமைத் சிங் அதனைப் பேணினார். அவர் பேரர் கஜ் சிங் அப்பணியைத் தொடர்ந்தார். 1999-ல் இந்திய நாட்டுக் குதிரைச் சங்கம் தோன்றியது. 2009-ல் மார்வாரிக் குதிரைகளைப் பதிவு செய்யும் வேலை தொடங்கிற்று. குதிரையை ஜாதி லட்சணங்களோடு ஒப்பிட்டு, அளவுகளையும் அடையாளங்களையும் குறித்து, புகைப்படமெடுத்து, குளிர்முத்திரையால் பதிவு எண்ணை இடுவதே அதன் முறை.

ஆயினும் பதிவேட்டின் மதிப்பு அங்கத்தினரின் நாணயத்தில் இருக்கிறது. சந்தா செலுத்தியதோடு அங்கத்தினர் வேலை முடிந்துவிடுவதில்லை. பொலிகுதிரை சேர்ந்த தேதி, குட்டி பிறந்த தேதி, கைமாறிய விவரம், இறப்பு எல்லாம் உடனுக்குடன் எழுதப்பட வேண்டும். ஒரு பொய்க் குறிப்பு அக்குட்டியின் சந்ததி முழுவதையும் சந்தேகத்திற்குள்ளாக்கும். இக்காலத்தில் மரபணுப் பரிசோதனையால் பெற்றோரை நிச்சயிக்கலாம் என்பது உண்மையே. ஆனால் ஒப்பிட வேண்டிய பொலிகுதிரை எதுவென்று முதலில் எவரேனும் எழுதி வைத்திருக்க வேண்டுமன்றோ?

நம் ஜில்லாவில் பெட்டைக்குதிரை வைத்திருப்போர் சங்கத்தில் சேராவிடினும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம். குதிரையின் சினைக்காலம் சுமார் பதினொரு மாதம். சினையென்று சொல்லி விற்கப்பட்ட பெட்டை, குறித்த தேதியிலிருந்து எட்டாம் மாதமே பூரண வளர்ச்சியுள்ள குட்டியை ஈனுமாயின், தந்தையென்று காட்டப்பட்ட பொலிகுதிரை அதன் தந்தையன்று. முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே, பத்திரத்திலுள்ள எண்ணையும் தோலிலுள்ள எண்ணையும் பகல் வெளிச்சத்தில் ஒத்துப் பார்த்துக்கொள்வது நன்று.