ஒழுகும்வரை காத்திருக்க வேண்டாம்

2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் சூறாவளி ஃபுளோரிடாவின் பெர்ரி ஊருக்கு அருகே கரையைக் கடந்தது. இரண்டு வாரம் முடிவதற்குள், அக்டோபர் 9 அன்று, மில்ட்டன் சரசோட்டாவை ஒட்டிய சியஸ்டா கீ தீவில் கரையேறியது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டிராப்பிகானா ஃபீல்டு விளையாட்டரங்கின் கூரை கந்தலாகக் கிழிந்து தொங்கியதை உலகமே பார்த்தது. வீட்டுக் கூரைகளுக்கு நேர்ந்த சேதம் அப்படிக் கண்ணில் படுவதில்லை. அந்த மாநிலத்தில் வீடு வாங்கிக் குடியேறிய நம்மவர்கள் உட்படப் பலர் இன்சூரன்ஸ் கிளெய்ம் விஷயத்தில் ஏமாந்துபோவது அதனால்தான்.

“மூன்று வருஷம் அவகாசம் இருக்கிறது, அவசரம் என்ன?”

இது ஒரு காலத்தில் உண்மை. 2017-இல் இர்மா வீசியபோது சூறாவளி இழப்பைத் தெரிவிக்க மூன்று ஆண்டுகள் இருந்தன. 2021-இல் வந்த சட்டம் அதை இரண்டாகக் குறைத்தது. இயன் சூறாவளிக்குப் பிறகு, 2022 டிசம்பரில் கூடிய சிறப்புச் சட்டமன்றக் கூட்டம் ஒரே ஆண்டாகச் சுருக்கிவிட்டது. பழைய கணக்கை நம்பி இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. அந்த ஓராண்டு, சேதத்தை நீங்கள் கண்டுபிடித்த நாளிலிருந்து தொடங்குவதில்லை. புயல் தாக்கிய நாளிலிருந்தே ஓடுகிறது. மில்ட்டன் இழப்புக்கான கெடு 2025 அக்டோபர் 9-ஆக இருந்தது.

ஓராண்டு முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் பொருள் இல்லை. இழப்பு தெரிந்ததும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும் என்று பாலிசியே கேட்கிறது. பத்து மாதம் கழித்துச் சொன்னால், சேதத்தைச் சரியாகச் சோதிக்கும் வாய்ப்பை இழந்தோம் என்று நிறுவனம் வாதிடும். இழக்கவில்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் வந்து விழும்.

“ஒழுகவில்லையே, கூரை நன்றாகத்தான் இருக்கிறது.”

அதிகம் பேரைக் கெடுப்பது இந்த நம்பிக்கைதான். ஃபுளோரிடாவில் ஏராளமான வீடுகளுக்குத் தார் பூசிய ஷிங்கிள் கூரை. ஒவ்வொரு ஷிங்கிளும் கீழே உள்ளதோடு ஒரு பசைப்பட்டையால் ஒட்டியிருக்கிறது. பலத்த காற்று ஷிங்கிளின் விளிம்பைத் தூக்கிப் பசையைப் பிய்த்துவிடும். காற்று அடங்கியதும் அது பழைய இடத்திலேயே படுத்துக்கொள்ளும். தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அடுத்தடுத்த மழைகளில் நீர் அதனடியில் நுழைந்து, அடித்தாளை நனைத்து, ஒட்டுப்பலகைக்கு இறங்கும். பரணில் விரித்திருக்கும் வெப்பத் தடுப்புப் பஞ்சு அந்த நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். படுக்கையறைக் கூரையில் பழுப்பு வட்டம் தெரியும்போது மாதங்கள் கடந்திருக்கும்.

அப்போது கிளெய்ம் கேட்டால் வரும் பதில் இரண்டு. ஒன்று, இது புயல் சேதமல்ல, நாள்பட்ட தேய்மானம். மற்றொன்று, இரண்டு வாரமோ அதற்கு மேலோ தொடர்ந்து கசிந்த நீரால் வந்த சேதத்துக்குப் பாலிசியில் இடமில்லை. வீட்டுக்குள் புகுந்த மழைநீருக்கு இழப்பீடு பெறவும், காற்று முதலில் கூரையிலோ சுவரிலோ திறப்பை உண்டாக்கியது என்று காட்ட வேண்டியிருக்கும். ஆறு மாதம் கழித்து அந்தத் திறப்பை யாரால் காட்ட முடியும்? புயல் கடந்த வாரமே, உரிமம் பெற்ற கூரைப் பணியாளரை மேலே ஏற்றிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் டார்ச்சோடு பரணுக்குள் ஏறிப் பாருங்கள்.

“சேதம் டிடக்டிபிளைத் தாண்டாது, சொல்லி என்ன பயன்?”

சூறாவளி டிடக்டிபிள் பெரும்பாலும் சதவீதக் கணக்கு. அது சேதத் தொகையில் சதவீதம் அல்ல, வீட்டின் காப்பீட்டுத் தொகையில் சதவீதம். 4,00,000 டாலருக்குக் காப்பீடு, 2 சதவீதம் என்றால், முதல் 8,000 டாலர் செலவு உங்கள் பொறுப்பு. ஆனால் ஃபுளோரிடாவில் இந்த டிடக்டிபிள் ஒரு காலண்டர் ஆண்டுக்கு ஒருமுறைதான். செப்டம்பர் புயலில் உங்கள் கையிலிருந்து போன செலவு, அக்டோபர் புயலின் டிடக்டிபிளில் கழிய வேண்டும். அதற்கு முதல் இழப்பைத் தெரிவித்திருக்கவோ, ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்கவோ வேண்டும் என்று நிறுவனம் கேட்கலாம். சின்னச் சேதம்தானே என்று விட்டவர்கள் இந்தக் கழிவை இழக்கிறார்கள்.

“கிளெய்ம் போட்டால் பாலிசியை ரத்து செய்துவிடுவார்கள்.”

இயற்கைச் சீற்றத்துக்கான கிளெய்மை மட்டும் காரணம் காட்டி ரத்து செய்யவோ புதுப்பிக்க மறுக்கவோ மாநிலச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. பிரீமியம் உயர்வதைக் கிளெய்மோடு முடிச்சுப் போடுபவர்கள், கிளெய்மே போடாதவர்களுக்கும் அங்கே பிரீமியம் ஏறியிருப்பதைப் பார்க்க வேண்டும்.

“சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டர் வரும்வரை எதையும் தொடக்கூடாது.”

நேர்மாறு. மேலும் சேதமாகாமல் தடுப்பது வீட்டுக்காரரின் கடமை என்று பாலிசியிலேயே இருக்கிறது. முதலில் படம் எடுங்கள், பிறகு தார்ப்பாய் போடுங்கள். பிய்ந்த ஷிங்கிள்களையும் ரசீதுகளையும் வீசாதீர்கள். நிரந்தரப் பழுதுபார்ப்பை மட்டும் பார்வையிடல் முடியும்வரை தள்ளிவையுங்கள்.

தார்ப்பாயோடு வாசலுக்கு வரும் சில ஒப்பந்தக்காரர்கள், “கையெழுத்துப் போடுங்கள், கிளெய்மை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், டிடக்டிபிளும் கட்ட வேண்டாம்” என்பார்கள். 2023 ஜனவரி 1 முதல் வழங்கப்பட்ட பாலிசிகளில் கிளெய்ம் பலனை அப்படி ஒப்பந்தக்காரருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்லி வேலை பிடிப்பதும் சட்டவிரோதம். உதவி வேண்டுமென்றால் உங்கள் தரப்பில் சேதத்தை மதிப்பிடும், உரிமம் பெற்ற பப்ளிக் அட்ஜஸ்டரை அமர்த்தலாம். அவசரநிலை அறிவிக்கப்பட்ட புயலில் முதல் ஆண்டு கிளெய்ம்களுக்கு அவருடைய கட்டணம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

“நிறுவனம் சொன்ன தொகைதான் முடிவு.”

இல்லை. தொகையில் கருத்து வேறுபாடு என்றால் மாநில நிதிச் சேவைகள் துறை வழியாகச் சமரசப் பேச்சு கேட்கலாம், செலவு நிறுவனத்துடையது. பழுது தொடங்கி ஷிங்கிளைப் பிரித்தபின் அடியில் உளுத்த பலகை தெரிந்தால், அதே புயலுக்குக் கூடுதல் கிளெய்ம் தரலாம். அதற்குப் புயல் நாளிலிருந்து 18 மாதம் அவகாசம் உண்டு, முதல் கிளெய்மை உரிய காலத்தில் கொடுத்திருந்தால்.