சமன் செய்தபின் ஓர் ஆராய்ச்சி

சென்ற பருவத்து விடுதிகளுக்கிடையேயான சதுரங்கப் போட்டியில், ஐந்து பலகைகளுள் நான்கு முடிந்து இரு சாராரும் இவ்விரண்டு புள்ளிகள் பெற்றிருந்தனர். எஞ்சியது எமது பலகை. எதிராடிய நண்பர் சமன் வேண்டினார், யாம் இசைந்தோம். முன்னாண்டு வென்றோரே கோப்பையை வைத்துக்கொண்டனர். "நிலை தெளிவின்றி இருந்தது" என்று தோழர்க்கு விடையிறுத்தோமாயினும், அவ்விடை எமக்கே உவப்பாயில்லை. அன்றிரவே காய்களை மீண்டும் பரப்பினோம்.

இருந்தவை ஐந்தே காய்கள். எமது இராஜா ஜி8-இல்; சிப்பாய் ஜி7-இல்; யானை எஃப்1-இல். (யானையைக் கோட்டை என்பாரும் உளர், யாம் பாட்டனாரிடம் கற்ற பெயரையே வழங்குகின்றோம்.) எதிரி இராஜா ஈ7-இல், யானை ஹெச்2-இல். நகர்வு எமது. சிப்பாய் ஓரடி வைப்பின் இராணியாம். அவ்வழியை அடைத்து நின்றதோ எமது இராஜாவே! அது வெளிப்படின் எதிரி யானை ஓயாது செக் சொல்லும் என்றே அஞ்சினோம்.

அவ்வச்சத்தையே முதலில் சோதித்தோம். யானையை ஈ1-க்குக் கொணர்ந்து செக் சொன்னால், எதிரி இராஜா டி7-க்கு விலகுதலே நலம். எஃப்6-க்கு வரின் எமது இராஜா எஃப்8-க்குச் செல்ல, சிப்பாயைத் தடுப்பாரில்லை. விலகியவுடன் எமது இராஜாவை எஃப்7-க்கு எடுத்துப் பார்த்தோம். செக்மேல் செக், சிப்பாயை விட்டகன்றால் அது போம், திரும்பினால் மீண்டும் செக். இதுகாறும் எமது அச்சம் மெய்யே.

நள்ளிரவு கடந்தபின்னரே, இராஜாவை எடுக்குமுன் யானையை ஈ4-இல் நிறுத்தினால் யாதாகும் என்று தோன்றிற்று. எதிரி யானை ஹெச்1-இல் காத்திருக்க, எமது இராஜா எஃப்7, எஃப்1-இலிருந்து செக். ஜி6, செக். எஃப்6, செக். ஜி5, நான்காம் செக். இப்பொழுது ஈ4-இலுள்ள யானை ஜி4-க்கு வந்து நடுவே நிற்கின்றது. செக் ஒழிந்தது, அந்த யானையை வெட்டினும் சிப்பாய் இராணியாவது உறுதி. மேசையைத் தட்டிவிட்டோம் போலும். அறைத்தோழர் விழித்துக் கடிந்தார்.

இதனை நூல்கள் லூசெனா நிலை என்கின்றன. 1497-இல் வெளியான லூசெனாவின் நூலில் இது காணப்படவில்லை என்பதும், 1634-இல் வந்த சால்வியோவின் நூலிலேயே உள்ளதென்பதும் வியப்பன்றோ! நிம்சோவிச் என்னும் ஆசிரியர் இம்முறையைப் பாலம் கட்டுதல் என்றார். ஏழு காய்கள்வரை எந்நிலைக்கும் முடிவு கூறும் அட்டவணைகள் இன்று கணினியில் உள. அவற்றை வினவியிருந்தால் வெற்றி என்று ஒரு நொடியில் விடை வந்திருக்கும். ஈ4-இன் காரணம் வந்திராது.

மறுநாள் உணவுக்கூடத்தில் அந்நண்பர்க்கு இதனைக் காட்டினோம். அவர் முறுவலித்து, "தெரியும். அதனாலன்றோ சமன் கேட்டேன்" என்றார்.