கன்ட்ரோலர் மேல் பழி போடாதே: பழைய கோல்ஃப் வண்டியில் கை வைக்கும் தம்பிகளுக்கு

வண்டி நின்றுவிட்டால் "கன்ட்ரோலர் போச்சு" என்று சொல்லிவிடுவது சுலபம். அது ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று முதலாளிக்கும் தெரியாது, டிரைவருக்கும் தெரியாது. விலையும் அதிகம். ஆனால் வயதான வண்டியில் கோளாறு பெரும்பாலும் பேட்டரியில் இருக்கும், இல்லாவிட்டால் ஏதோ ஒரு இணைப்பில் இருக்கும். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. மோதிரம், வாட்ச், கைச்செயின் எல்லாவற்றையும் கழற்றி வை. "48 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது" என்று தைரியம் சொல்ல நாலு பேர் வருவார்கள். இங்கே பயப்பட வேண்டியது ஷாக்குக்கு அல்ல, ஆம்பியருக்கு. இரண்டு டெர்மினலுக்குக் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். மோதிரம் இருக்கும் விரல் அதோடு போச்சு. ஸ்பேனர் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்று. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆகவே பீடி, சிகரெட் ஷெட்டுக்கு வெளியே. ரன், டோ என்று சுவிட்ச் இருந்தால் கேபிளைக் கழற்றும் முன் டோ பக்கம் தள்ளு.

2. சீட்டைத் தூக்கி, முதலில் மூடியை எண்ணு. ஒரு செல்லுக்கு 2 வோல்ட். ஒரு பேட்டரியில் 3 மூடி இருந்தால் 6 வோல்ட், 4 இருந்தால் 8, 6 இருந்தால் 12. ஆறு பேட்டரி, தலைக்கு 3 மூடி என்றால் 36 வோல்ட் வண்டி. அதே ஆறில் தலைக்கு 4 மூடி என்றால் 48. கிளப் கார் கம்பெனி 1995இல் 48 வோல்ட்டுக்கு மாறத் தொடங்கியது. அதற்கு முந்தையது கையில் வந்தால் 36ஆகவே இருக்கும். பாகம் வாங்கப் போகும்போது இந்தக் கணக்கு உன் வாயில் தயாராக இருக்க வேண்டும்.

3. பேட்டரியை மொத்தமாக அளந்துவிட்டு எழுந்து போகாதே. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, பிளக்கைக் கழற்றி, சில மணி நேரம் சும்மா விடு. பிறகு ஒவ்வொன்றாக மீட்டரை வை. நல்ல 6 வோல்ட் பேட்டரி 6.37 பக்கம் நிற்கும், 8 வோல்ட் 8.49 பக்கம் நிற்கும். ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் அரை வோல்ட் கீழே நின்றால் குற்றவாளி அதுதான். எல்லாமே சரியாகக் காட்டினாலும் நம்பிவிடாதே. ஒருவரை ஏற்றத்தில் ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி அளந்து பார். பளு விழுந்ததும் மற்றதெல்லாம் கொஞ்சம் இறங்கும். நோயாளி மட்டும் தொபுக்கென்று விழும். பிரேக்கை மிதித்துக்கொண்டு பெடலை அழுத்திப் பளு கொடுப்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதே, சுற்றாமல் நிற்கும் மோட்டாரில் கம்யூட்டேட்டர் கருகும்.

ஹைட்ரோமீட்டர் வாங்கி வைத்துக்கொள். சார்ஜ் ஏறிய செல் 1.265, 1.275 என்று காட்டும். ஒரே பேட்டரியில் இரண்டு செல் 1.260, மூன்றாவது 1.150 என்றால் அந்தப் பேட்டரியின் ஆயுள் முடிந்தது. தண்ணீர் குறைந்திருந்தால் தகடு மூழ்கும் அளவு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விட்டு சார்ஜ் போடு. முழு அளவுக்கு நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகு. முன்பே நிரப்பினால் ஆசிட் பொங்கி வெளியே வழியும். ஆசிட்டை நீயாக ஊற்றவே ஊற்றாதே.

4. ஹெட்லைட், ஹாரன், ஃபேன் எங்கிருந்து கரன்ட் எடுக்கின்றன என்று வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார். 12 வோல்ட் வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு 6 வோல்ட் பேட்டரியிலிருந்து மட்டும் இழுத்திருப்பான். அந்த இரண்டும் தினமும் கூடுதலாக உழைத்துச் சீக்கிரம் சாகும். புதிது மாற்றினாலும் அதே இரண்டுதான் மறுபடி போகும். முழு வரிசையிலிருந்து எடுத்து 12ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டர் போடு.

5. இனி இணைப்புகள். ஒரு விடுதி வண்டி சமதரையில் நன்றாக ஓடியது. போர்ட்டிகோ ஏற்றத்தில் நின்றுவிடும். பேட்டரி எல்லாம் புதிது. கேபிளும் வெளியே பளபளவென்று இருந்தது. ஏற்றத்தில் ஓட்டியபடி கேபிளின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தோம். ஒன்று மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல் தின்றது. லக்கின் கழுத்தில் ரப்பரைக் கீறினால் உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. பத்து இழை பிழைத்திருந்தால் அதிகம்.

ஆகவே கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே. ஒரு முனையை ஈயக் கம்பத்தின் மேல் வை, லக்கின் மேல் அல்ல. மறுமுனையை அடுத்த பேட்டரியின் கம்பத்தில் வை. பளுவில் கால் வோல்ட்டைத் தாண்டினால் கேபிளைக் கழற்று. மீட்டர் இல்லாத இடத்தில், ஓட்டி நிறுத்தியதும் பேட்டரி வரிசையைத் தொட்டுப் பார். சூடாக இருக்கும் இணைப்பு தானே காட்டிக்கொடுக்கும். வெள்ளையாகப் பூத்திருந்தால் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் கழுவு. மூடி திறந்திருக்கக் கூடாது. சோடா உள்ளே போனால் ஆசிட் கெடும். காய்ந்ததும் இறுக்கி, மேலே வாசலின் தடவு.

6. பெடலை மிதித்ததும் சாலினாய்டு "டக்" என்கிறதா என்று கேள். சத்தம் இல்லையென்றால் மெல்லிய வயர்ப் பக்கம் போ: கீ சுவிட்ச், பெடல் மைக்ரோ சுவிட்ச், முன் பின் லீவர். மிதித்திருக்கும்போது சாலினாய்டின் இரண்டு சின்ன டெர்மினலுக்கு இடையே முழு வோல்ட் வந்தும் சத்தம் இல்லையென்றால் காயில் போய்விட்டது. சத்தம் வந்தும் வண்டி நகரவில்லையென்றால் இரண்டு பெரிய டெர்மினலில் மீட்டரை வை. மிதித்ததும் சைபருக்கு இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கிறது. புதிது போடும்போது பழையதில் இருக்கும் ரெசிஸ்டரையும் டயோடையும் மாற்றிப் போட மறக்காதே. டயோடுக்குத் திசை உண்டு.

7. கன்ட்ரோலரே இல்லாத மிகப் பழைய வண்டியில் ரெசிஸ்டர் காயில்கள்தான் வேகத்தைக் கட்டுப்படுத்தும். குறிப்பிட்ட சில வேகத்தில் மட்டும் செத்து, மற்றதில் ஓடினால் ஒரு காயில் அறுந்திருக்கும்.

8. பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சோதிக்கும் முன் மோட்டாரைப் பார். ஏ1, ஏ2, எஸ்1, எஸ்2 என்று நாலும் தடித்த டெர்மினல் என்றால் சீரீஸ் மோட்டார். பளு இல்லாமல் பெடலை முழுக்க மிதித்தால் வேகம் ஏறிக்கொண்டே போய் ஆர்மேச்சர் சிதறும். லேசாகத் தொட்டுவிட்டு எடு.

9. சார்ஜர் வேலை செய்யவில்லை என்று வந்தால் முதலில் வண்டியின் மொத்த வோல்ட்டைப் பார். பழைய ஆட்டோமேடிக் சார்ஜருக்கு பேட்டரியில் ஓரளவு வோல்ட் தெரிந்தால்தான் ரிலே இழுக்கும். மாதக்கணக்கில் மூலையில் கிடந்த வண்டியில் சார்ஜர் பேசாமல் இருப்பது அதனால்தான். தனித்தனி பேட்டரியாகச் சின்ன சார்ஜரில் கொஞ்சம் ஏற்றிவிட்டால் பெரியது பிடித்துக்கொள்ளும். 1995க்குப் பிறகு வந்த பல 48 வோல்ட் கிளப் காரில் சார்ஜரை ஆட்டிவைப்பது வண்டிக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அங்கே சார்ஜரைத் திட்டும் முன் அதைச் சந்தேகப்படு.

10. இத்தனைக்கும் பிறகுதான் கன்ட்ரோலர். அதன் வாசலுக்கு முழு வோல்ட் வருகிறதா? பெடலிலிருந்து வரும் சிக்னல் மிதிக்க மிதிக்கச் சீராக மாறுகிறதா? மோட்டாரில் கார்பன் பிரஷ் தேயாமல் இருக்கிறதா? மூன்றும் சரி, ஆனால் மோட்டாருக்குப் போகும் பக்கம் மட்டும் எதுவும் வரவில்லை என்றால் முதலாளியிடம் போய்ப் புதிய கன்ட்ரோலர் கேள். லேபிளில் இருக்கும் வோல்ட், ஆம்பியர், மாடல் எண் மூன்றையும் போன் கேமராவில் எடுத்துக்கொண்டு போ.