விசில் ஊதும் வேலை

பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. ஒரு பெண் முதலாவதாக வருகிறாள். கோப்பை கொடுக்கிறார்கள். கோப்பை வீட்டு அலமாரியில் ஏறுகிறது. அடுத்த வருடம் அவள் ஓடுவதில்லை. தண்ணீர் பிடிக்க வேண்டும். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "ஓடி என்ன கிடைக்கப் போகிறது?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

மான்குர்த்தில் பல தமிழ் வீடுகளில் கேட்கிற கேள்விதான் இது. கூலி வேலை செய்து பிள்ளை வளர்ப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வியும்தான். ஓட்டம் சோறு போடுமா? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

கத்தக்குறிச்சிப் பெண்

புதுக்கோட்டை மாவட்டத்தில் கத்தக்குறிச்சி என்று ஒரு கிராமம். சாந்தி சௌந்தரராஜன் அந்த ஊர்க்காரர். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் கூலி வேலை செய்தார்கள். சாந்திதான் மூத்த பிள்ளை. அவருடைய தாத்தா நன்றாக ஓடக்கூடியவர். வீட்டுக்கு வெளியே இருந்த மண் தரையில் பேத்திக்கு ஓடக் கற்றுக் கொடுத்தார். ஒரு ஜோடி ஷூவும் வாங்கிக் கொடுத்தார்.

எட்டாம் வகுப்பில் சாந்தி முதல் கோப்பையை வாங்கினார். பிறகு பள்ளிகளுக்கு இடையே நடந்த போட்டிகளில் வரிசையாக ஜெயித்தார். பக்கத்தில் இருந்த ஒரு உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுப் பயிற்சியாளர் இதைக் கவனித்தார். சாந்தியைத் தன் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். ஃபீஸ் கிடையாது. சீருடை கிடைத்தது. மதியம் சூடான சாப்பாடு கிடைத்தது. சாந்தி ஒரு நாளில் மூன்று வேளை சாப்பிட்டது அந்தப் பள்ளியில் சேர்ந்த பிறகுதான்.

இங்கே கொஞ்சம் நிற்போம். அந்தப் பயிற்சியாளர் செய்தது என்ன? விசில் ஊதி ஓடச் சொன்னது மட்டுமா? வெறும் வயிற்றோடு ஓட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. யாரிடம் கேட்டால் ஃபீஸ் தள்ளுபடி ஆகும் என்று தெரிந்திருந்தது. இதுவும் அந்த வேலைதான். இதுதான் பெரிய வேலை என்றுகூடச் சொல்லலாம்.

பள்ளி முடிந்ததும் விளையாட்டு உதவித்தொகையில் புதுக்கோட்டையில் கல்லூரி. அதன் பிறகு சென்னையில் கல்லூரி. 2005-ஆம் ஆண்டு தென் கொரியாவில் ஆசியத் தடகளப் போட்டி நடந்தது. 800 மீட்டர் ஓட்டத்தில் சாந்தி வெள்ளிப் பதக்கம் வாங்கினார். 800 மீட்டர் என்றால் பெரிய மைதானத்தை இரண்டு முறை சுற்ற வேண்டும். 2006 டிசம்பரில் தோஹா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அங்கேயும் இரண்டாவது இடம். இரண்டு சுற்றையும் 2 நிமிடம் 3 விநாடியில் ஓடினார்.

பதக்கம் போனது

அந்த ஓட்டத்துக்குப் பிறகு சாந்தியின் உடலை மருத்துவர்கள் சோதித்தார்கள். 'பெண்கள் பிரிவில் ஓடத் தகுதி இல்லை' என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். டி.வி.யிலும் பத்திரிகையிலும் செய்தி வந்தது.

சிலருக்குப் பிறவியிலேயே உடலின் அமைப்பில் வேறுபாடு இருக்கும். அது அவர்கள் செய்த தப்பு அல்ல. பல பேருக்கு அது தெரிந்தே இருக்காது. சாந்தி ஊசி போட்டுக்கொள்ளவில்லை. மருந்து சாப்பிடவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் ஊர் வாய் சும்மா இருக்குமா? கேலியும் கேள்வியும் வீடு வரை வந்தன. விதி ஒன்று இருக்கலாம். அதை ஒரு பெண்ணின் மானத்தை வாங்கி நடத்த வேண்டியதில்லை.

2014-இல் ஒடிசாவின் தூத்தி சந்துக்கும் இதே போன்ற தடை வந்தது. அவர் தனியாக விடப்படவில்லை. விவரம் தெரிந்தவர்கள் கூட நின்றார்கள். விளையாட்டு வழக்குகளுக்கான சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015-இல் அவர் மறுபடி ஓடலாம் என்று தீர்ப்பு வந்தது. 2018 ஆசியப் போட்டியில் அவர் 2 வெள்ளிப் பதக்கம் வாங்கினார். சாந்திக்கு 2006-இல் அப்படிக் கூட நிற்க ஆள் இல்லை.

சூளையிலிருந்து மைதானத்துக்கு

தமிழ்நாடு அரசு சாந்திக்கு 15 லட்சம் ரூபாய் கொடுத்தது. அந்தப் பணத்தை வைத்து அவர் புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். காசு வாங்கவில்லை. தற்காலிகப் பயிற்சியாளராகவும் வேலை பார்த்தார். சம்பளம் குறைவு. நிரந்தரம் இல்லை. பணம் தீர்ந்தது. 2012-இல் அவர் மறுபடியும் செங்கல் சூளையில் கூலி வேலை செய்தார். நாட்டுக்காக ஓடியவர் சூளையில் நிற்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின.

நிரந்தர வேலைக்கு என்ன தடை? ஓடத் தெரியும். சொல்லிக் கொடுக்கவும் தெரியும். பயிற்சியாளர் படிப்புக்கான டிப்ளமா கையில் இல்லை. அரசு வேலைக்கு அது வேண்டும். செய்தி வந்த பிறகு மத்திய அரசு உதவியது. 2013-இல் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமா படிப்பில் சேர்ந்தார். படித்து முடித்தார். 2016-இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. பறித்த பதக்கம் திரும்பி வரவில்லை. ஆனால் ஓடும் பிள்ளைகளின் பக்கத்தில் நிற்கிற இடம் அவருக்குக் கிடைத்தது.

என்னென்ன வேலை?

பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், பி.டி. டீச்சர் இருக்கிறார்கள். கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் இருக்கிறார். ஃபிசிக்கல் டைரக்டர் என்று கூப்பிடுவார்கள். டீமைத் தேர்ந்தெடுப்பதும், போட்டிக்கு அழைத்துப் போவதும், மைதானத்தைப் பராமரிப்பதும், கணக்கு எழுதுவதும் அவர் பொறுப்பு. நடுவர் வேலை இருக்கிறது. அரசாங்கப் பயிற்சியாளர் வேலை இருக்கிறது.

இதற்கான படிப்பு நம் நாட்டுக்குப் புதிது அல்ல. 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி தொடங்கியது. ஹாரி பக் என்ற அமெரிக்கர் தொடங்கியது. மும்பையில் 1938-இல் காந்திவலியில் அரசுப் பயிற்சி நிலையம் வந்தது. பயிற்சியாளர்களுக்காக 1961-இல் பட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் வந்தது. மான்குர்த் பிள்ளைகளுக்குப் பக்கம் என்றால் வடாலா. அங்கே ஓர் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. ஹார்பர் லைனில் ஒரே ரயில்.

பி.பி.எட். என்பது உடற்கல்வி ஆசிரியர் படிப்பு. டிகிரி முடித்துவிட்டு 2 வருடம் படிக்க வேண்டும். கல்லூரி வேலைக்கு அதற்கு மேலும் படிக்க வேண்டும். ஆகவே, ஓடுகிற பிள்ளை பத்தாவதோடு நின்றுவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். ஓட்டமும் வேண்டும், பாடமும் வேண்டும்.

இந்த வழியில் எவ்வளவு தூரம் போகலாம்? கேரளத்தின் பி.டி. உஷாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1976-இல் பெண்களுக்கான விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தவர். அவரைக் கண்டெடுத்தவர் நம்பியார் என்ற பயிற்சியாளர். விமானப் படையில் இருந்துவிட்டுப் பயிற்சியாளர் படிப்பு படித்தவர் அவர். 1984 ஒலிம்பிக்கில் உஷா நூற்றில் ஒரு விநாடியில் பதக்கத்தைத் தவறவிட்டார். பிறகு தானே ஓட்டப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். 2022-இல் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவர் ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான்.

காகிதத்தைக் காப்பாற்றுங்கள்

பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரித்து நடக்கின்றன. வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். பள்ளியில் படிப்பதற்கு போனாஃபைட் கேட்பார்கள். ஜெயித்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். கோப்பையைவிட அதுதான் முக்கியம். கோப்பையை எந்த ஆபீசிலும் கேட்க மாட்டார்கள். மகாராஷ்டிராவில் விளையாட்டில் சாதித்தவர்களுக்கு அரசு வேலையில் 5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. சான்றிதழை விளையாட்டுத் துறை சரி பார்க்கும். போலிச் சான்றிதழ் கொடுத்தவர்கள் மாட்டியிருக்கிறார்கள்.

மும்பைத் தமிழர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பெயர்! ஊரில் இனிஷியல் போட்டு எழுதுவோம். இங்கே பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பள்ளியில் ஒரு மாதிரி, விளையாட்டுச் சான்றிதழில் வேறு மாதிரி. மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று பிறகு நிரூபிக்க அலைய வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே எழுத்துக்கு எழுத்து படித்துப் பாருங்கள். தப்பு இருந்தால் பி.டி. மாஸ்டரிடம் உடனே சொல்லுங்கள். மழைக்காலத்தில் கூரை ஒழுகும் வீடு என்றால் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

எழுதிப் பழகுங்கள்

உங்கள் பிள்ளையின் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே நோட்டில் எழுதுங்கள். அடியில் பிறந்த தேதியை எழுதுங்கள். பள்ளிச் சான்றிதழை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பேசிப் பாருங்கள்

உங்கள் பிள்ளையின் பள்ளியில் பி.டி. டீச்சர் இருக்கிறாரா? பெண் பிள்ளைகள் ஓட வாரத்தில் எத்தனை நாள் மைதானம் கிடைக்கிறது? எட்டாம் வகுப்புக்குப் பிறகு ஓடுவதை நிறுத்திய பெண்கள் உங்கள் தெருவில் எத்தனை பேர்?