ஒரு மணி நேர மஷூரா



சென்ற ஆண்டு ஓர் ஆய்வு மாணவி தம் தாயாருடன் நம் ட்ரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். வெளியூர் ஆய்வுக்கூடத்தில் பரிசோதனைக் கட்டணம் கட்டி மாளவில்லை, பி.எச்டி.யை விட்டுவிடப் போகிறேன் என்றார். சிறுபான்மை ஆய்வாளர்களுக்கு 2009 முதல் கிடைத்துவந்த மௌலானா ஆஸாத் உதவித்தொகையை மத்திய அரசு 2022-23ல் நிறுத்திவிட்டது. அந்த வழியும் அவருக்கு இல்லை.

பணம் கொடுப்பதற்கு முன், அவருடைய கல்லூரி நிர்வாகியையும் நெறியாளரையும் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்காரச் சொன்னோம். அப்போதுதான் தெரிந்தது, அதே கருவி அதே கல்லூரியின் இன்னொரு துறையில் உறைபோட்டு மூடிக் கிடக்கிறது என்று! வாங்கிக் கொடுத்த நிர்வாகிக்கு அது யாருக்குத் தேவை என்று தெரியாது. தேவைப்பட்டவருக்கு அது இருப்பதே தெரியாது. அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளை இன்று ஆய்வைத் தொடர்கிறார்.

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. சர் சையத் அஹ்மத் கான் 1875ல் அலிகாரில் தொடங்கிய பள்ளி, விரைவிலேயே கல்லூரியானது. ஒரு கல்லூரி மட்டும் ஒரு சமுதாயத்துக்குப் போதாது என்று கண்ட அவர், 1886ல் முஹம்மதன் கல்வி மாநாட்டைத் தொடங்கினார். பொருள் கொடுப்போரும் பாடம் நடத்துவோரும் ஆண்டுதோறும் ஒரே சபையில் கூடினார்கள். அலிகார் ஆசிரியரான ஷிப்லி நுஃமானி, முஸ்லிம்களின் கடந்தகாலக் கல்வி பற்றிய தம் ஆய்வை அந்த மேடையில்தான் வாசித்தார். 1898ல் சர் சையத் மறைந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. 1901ல் மாநாடு சென்னையிலேயே கூடியது. 1920ல் அலிகார் கல்லூரி பல்கலைக்கழகமானது.

திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்துக்கு அஷ்ஷூரா, அதாவது கலந்தாலோசனை என்றே பெயர். ஆனால் கூடிக் கலைவது மட்டும் மஷூரா ஆகாது. ஆய்வாளர் முதலில் பேசட்டும், நிர்வாகி குறித்துக்கொள்ளட்டும். ஆளுக்கொரு பொறுப்பை ஏற்றுச் சென்று, அடுத்த அமர்வில் அது என்ன ஆயிற்று என்று சொல்லட்டும்.

நம் ஜமாஅத்தில் கல்லூரி நிர்வாகக் குழுவில் இருப்பவர்களும் இருக்கிறார்கள், ஆய்வு செய்யும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரு தரப்பாரையும் ஒருசேர அமர்த்த, இன்ஷா அல்லாஹ், நோன்புப் பெருநாளுக்குப் பின் ஒரு நாள் குறிக்கிறோம். உங்கள் வீட்டில் ஆய்வு மாணவர் இருந்தால் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். படிப்பை நிறுத்தும் முடிவோடு வருவதற்கு முன்பே வாருங்கள்.