நாலடித் தொட்டியில் எத்தனை டேங்?

கண்ணு, ஆறு டேங் மீன் பெயரை எழுதி அனுப்பிவிட்டு, "இதெல்லாம் ஒண்ணா இருக்குமாக்கா?" என்று கேட்டிருக்கிறாய். இருக்காது. நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் இரண்டு டேங் போதும். மூன்றாவது வேண்டுமென்றால் ஆறடித் தொட்டி போடு. உன் பட்டியலைப் பார்த்தாலே நிறத்தை வைத்து எழுதியது என்று தெரிகிறது. நிறத்தை விடு, உடம்பின் வாகைப் பார்.

கடலில் டேங் மீனுக்கு நாள் முழுக்க ஒரே வேலை, பாறையில் படர்ந்த பாசியைக் கொறிப்பது. தனக்கென்று ஒரு மேய்ச்சல் இடம் பிடித்துக்கொண்டு, அங்கே போட்டிக்கு வருகிறவனை விரட்டும். போட்டியாளன் யார் என்பதை அது உருவத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. தன்னைப் போலவே வாயும் வட்ட உடம்பும் உள்ளவன் வந்தால் சண்டை, வேறு மாதிரி இருந்தால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஒரே கட்டிங் டேபிளுக்கு இரண்டு கட்டிங் மாஸ்டரை நிறுத்தினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? ஒரு கட்டிங் மாஸ்டர், ஒரு அயர்னிங்காரர் என்றால் பிரச்சினையே இல்லை.

டேங் குடும்பத்தில் 80 இனங்களுக்கு மேல் உண்டு. கடைக்குப் போகிறவன் ஐந்து பிரிவைத் தெரிந்துகொண்டால் போதும். தட்டு மாதிரி உயர்ந்த உடம்பும் கூரிய மூக்கும் இருந்தால் ஜீப்ரசோமா. மஞ்சள் டேங், ஊதா டேங், பழுப்பு நிற ஸ்கோபாஸ், பாய்மரம் போலத் துடுப்பு விரிக்கும் செயில்ஃபின் எல்லாம் இதில் சேர்த்தி. உதடு தடித்து, பல் சீப்பு மாதிரி மெலிதாக இருந்தால் டெனோகீட்டஸ். கோலே, டோமினி இரண்டும் இந்த வகை. கண்ணாடியிலும் பாறையிலும் படியும் மெல்லிய பாசிப் படலத்தை வழித்துத் தின்னும். பாராகாந்துரஸில் ஒரே ஒரு இனம், உன் பையன் கேட்கிற 'டோரி'. அகாந்துரஸில் பவுடர் ப்ளூ, கிளவுன் டேங், அகிலிஸ், சோஹால் வரும். அழகும் அதிகம், முரட்டுத்தனமும் அதிகம். நாசோ ஒன்றரை அடிக்கு மேலேகூட வளரும். அதை வீட்டுத் தொட்டியில் நினைக்கவே வேண்டாம்.

ஒரு பிரிவில் ஒன்றுக்கு மேல் எடுக்காதே, இதுதான் கணக்கு. உன் நாலடித் தொட்டிக்கு நான் சொல்வது ஒரு டோமினி, ஒரு ஸ்கோபாஸ். டோமினி அரையடிக்கு மேல் போகாது. ஸ்கோபாஸைப் பார்த்ததும் "இந்தச் சேற்று நிறத்துக்கா இவ்வளவு காசு?" என்று முகம் சுளிப்பாய். நல்ல வெளிச்சத்தில் அதன் மேல் ஓடும் மெல்லிய கோடுகளைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசு. மஞ்சள்தான் வேண்டும் என்று வீட்டில் ஒரே பிடியாக நின்றால் ஸ்கோபாஸுக்குப் பதில் மஞ்சள். இரண்டையும் சேர்த்து விடாதே, இரண்டும் ஜீப்ரசோமா.

மஞ்சள் டேங் பெரும்பாலும் ஹவாய் தீவுகளிலிருந்து வந்த மீன். அங்கே நீதிமன்ற வழக்குகளால் மீன் பிடிப்பு நின்றுபோன பிறகு விலை எகிறிவிட்டது. 2015-இல் ஹவாயில் உள்ள ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் அதை முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டியது. இப்போது பண்ணையில் வளர்ந்த குட்டியும் சந்தைக்கு வருகிறது. கிடைத்தால் அதையே வாங்கு. தொட்டியில் பிறந்தது தூள் தீவனத்தைப் பார்த்து மிரளாது.

அடுத்து டோரி. 2003-இல் 'ஃபைண்டிங் நீமோ' வந்ததிலிருந்து இந்த மீனுக்கு நிம்மதி இல்லை. கடையில் ஐந்து ரூபாய்க் காசு அளவில் நீந்தும் குஞ்சைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் கேட்கும். அது ஒரு அடி வளரும், விர்ரென்று நீளமாக ஓடும். நாலடித் தொட்டியில் பயந்தால் கண்ணாடியில் முட்டும், பாறை இடுக்கில் போய்ச் செருகிக்கொள்ளும். "இப்போ சின்னதுதானே, அப்புறம் பெரிய தொட்டி வாங்கிக்கலாம்" என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பெரிய தொட்டி வந்த வீடு ரொம்பக் குறைவு. ஆறடி போட்ட பிறகு வாங்கு, அப்போது டோமினியும் ஸ்கோபாஸும் இருக்கிற இடத்தில் டோரி தாராளமாகச் சேரும். பையனைச் சமாதானம் செய்ய ஒரு ஜோடி கிளவுன் மீன் போதும். நம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்திலேயே அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள்.

உன் பட்டியலில் முதல் பெயர் பவுடர் ப்ளூ. அதைத்தான் முதலில் அடித்தேன். மாலத்தீவு, லட்சத்தீவு, இலங்கை, அந்தமான் என்று நம் இந்தியப் பெருங்கடல் மீன் அது, அதனால் நம் ஊர்க் கடைகளில் கண்ணில் படும். அந்த நீலத்துக்கும் முதுகில் ஓடும் மஞ்சளுக்கும் மயங்காதவர் இல்லை. ஆனால் வெள்ளைப்புள்ளி நோய் முதலில் பிடிப்பது இதைத்தான். பிழைத்துத் தொட்டியில் பழகிவிட்டாலோ, பின்னால் வருகிற எந்த டேங்கையும் நிம்மதியாக விடாது. ஆறடித் தொட்டியில், ஒரு வருடம் தண்ணீரைச் சரியாக வைத்திருந்து, கடைசி மீனாக விடுவதற்கு உரியது. முதல் மீனாக ஒருபோதும் இல்லை.

தண்ணீருக்கு வருகிறேன். சாயப்பட்டறை லேப்பில் வேலை பார்க்கிற உனக்கு, தண்ணீரில் கரைந்த உப்பின் அளவான டி.டி.எஸ். பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நொய்யல் ஆற்றோரச் சாய ஆலைகளை மூடச் சொன்னதும், அப்புறம் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்ற ஏற்பாட்டோடு அவை திறந்ததும் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அந்த ஆற்றோர மண்ணில் அதற்கு முன்னால் இறங்கிய உப்பு இறங்கியதுதான். அதனால் போர் தண்ணீரை வாளியோடு தொட்டிக்குக் கொண்டுபோகாதே, லாரித் தண்ணீரையும் நம்பாதே. ஆர்.ஓ. வைத்து, அதன் பின்னால் மிச்ச உப்பையும் பிடிக்கிற டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றும் போட்டு, மீட்டரில் பூஜ்யம் காட்டுகிற தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும். குடிக்கிற ஆர்.ஓ.வில் 50, 60 என்று காட்டினால் நமக்குப் பரவாயில்லை, தொட்டிக்கு அது போதாது. இன்னொன்று, நீ தினம் கலக்கிற டர்க்காய்ஸ் நீலத்தில் செம்பு இருக்கிறது. மீன் ஓரளவு தாங்கினாலும் இறாலும் பவளமும் செம்பைத் தாங்காது. லேப்பிலிருந்து வந்த கையோடு தொட்டிக்குள் கை விடாதே. முழங்கை வரை கழுவு, சாஃப்ட்னர் வாடையே இருக்கக்கூடாது.

உப்பு விஷயத்தில் உன் குறும்பு எனக்குத் தெரியும். பட்டறையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே என்று பார்க்காதே. அது வெறும் சோடியம் குளோரைடு, இல்லையென்றால் கிளாபர் சால்ட். கடல் நீரில் கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராம், மக்னீசியம் 1,300 அளவில் இருக்கிறது. அதற்கென்று வருகிற கடல் உப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும். லிட்டருக்கு ஏறக்குறைய 36 கிராம். பாறைக்கும் மேல் இடைவெளிக்கும் கழித்தால் உன் தொட்டியில் 400 லிட்டர் நிற்கும். அப்படியானால் முதல் தடவைக்கே பதினைந்து கிலோ பிடிக்கும். அடர்த்தி 1.025 இருக்கட்டும். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்று, உப்பு எங்கேயும் போகாது.

சித்திரை வெயிலில் தொட்டி 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். சூடேறிய தண்ணீரில் பிராணவாயு குறைவு, டேங்குக்கோ அது அதிகம் வேண்டும். மேலே காற்றாடி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், அதற்கு மேல் சில்லர்தான் வழி. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் போகிற கரண்ட் சாயங்காலம்தான் வரும் என்பதால் தொட்டியின் பம்புகளை இன்வெர்ட்டரில் போடு. விளக்கு அணைந்தால் ஒன்றும் ஆகாது. கீழே நிட்டிங் மிஷின் ஓடுகிற வீடு உன்னுடையது. பஞ்சுத் தூசி மேலே வந்து படிந்து வழிவாயை அடைக்கும், தொட்டிக்கு வலை மூடி போட்டு வாரம் ஒருமுறை தட்டிவிடு.

பாறை வாங்கும்போது யாராவது "தூத்துக்குடியிலிருந்து வந்த உயிர்ப்பாறை, ராமேசுவரம் பவளம்" என்று ரகசியமாகக் காட்டினால் அங்கே நிற்காதே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளம் 2001 முதல் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வைத்திருந்தாலே வழக்கு. செயற்கைப் பாறை போட்டு, பாக்டீரியா பிடித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆகும் வரை நாலு முதல் ஆறு வாரம் காத்திரு. அதற்குப் பிறகும் டேங் விட அவசரம் வேண்டாம். பாறையில் பாசி தெரிய ஆரம்பித்த பிறகு விட்டால் அதற்கு மேய்ச்சல் இருக்கும்.

கடையில் மீனைப் பக்கவாட்டில் மட்டும் பார்க்காமல் முன்னாலிருந்தும் பார். வயிறு ஒட்டி, தலைக்குப் பின்னால் சதை வற்றியிருந்தால் விட்டுவிடு. "கொஞ்சம் தீனி போடுங்க" என்று கடைக்காரரிடம் கேள். தின்னாத டேங்கை எந்த விலைக்கும் வாங்காதே.

வாங்கியதும் மணல், பாறை எதுவும் இல்லாத தனித் தொட்டியில் ஒரு மாதம் வை, ஒளிய நாலு பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். புள்ளி தெரிந்தால் செம்பு மருந்தை அந்தத் தொட்டியில் மட்டும், டெஸ்ட் கிட் வைத்து அளந்து போடு. பெரிய தொட்டிக்குள் நோய் போய்விட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, தொட்டியை இரண்டரை மாதம் மீனில்லாமல் விட வேண்டியிருக்கும். ஒரு மாதம் பொறுப்பது மேல்.

விடுகிற வரிசையில் சாதுதான் முதலில். டோமினி முதலில், பிறகு ஸ்கோபாஸ். ஆறடியில் என்றால் நடுவில் டோரி. முடிந்தால் டோமினியையும் ஸ்கோபாஸையும் ஒரே நாளில் விடு, அப்போது யாருக்கும் 'இது என் இடம்' என்ற எண்ணம் இருக்காது. தனித்தனியாக விட நேர்ந்தால் புதுசை ஓட்டை போட்ட தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, தொட்டிக்குள் ஒரு வாரம் தொங்கவிடு. பழையது வந்து முறைத்து, வாலை வீசி, பிறகு சலித்துப்போகும். விடுகிற அன்று விளக்கை அணை, பாறையைக் கொஞ்சம் மாற்றி அடுக்கு. தொட்டிக்கு வெளியே ஒரு பக்கக் கண்ணாடியில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாத்தி வைத்தால், பழைய ரவுடி தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும், புதுசுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

பசியில் இருக்கிற டேங்தான் அதிகம் சண்டை போடும். உப்போ மசாலாவோ சேர்க்காத நோரி என்ற கடற்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டி, தினமும் தொட்டியின் இரண்டு முனையிலும் வை. ஒரே முனையில் வைத்தால் பெரியது காவல் காக்கும். ராமநாதபுரம் பக்கம் போகிறவர்கள் இருந்தால் காயவைத்த கஞ்சிப் பாசி கொண்டுவரச் சொல். ஆர்.ஓ. தண்ணீரில் ஊறவைத்து, உப்பும் மணலும் போக அலசிக் கொடு.

இரண்டு மூன்று நாள் துரத்தல் சகஜம். துடுப்பு கிழிந்தாலோ, புதுசு மூலையிலேயே நின்று தின்னாமல் இருந்தாலோ, அடிக்கிறதை வெளியே எடு, அடி வாங்குகிறதை இல்லை. எடுக்கும்போது வலை போடாதே. வாலடியில் இரண்டு பக்கமும் மடக்குக் கத்தி மாதிரி முள் இருக்கிறது, வலையில் சிக்கினால் மீனும் கிழியும் உன் விரலும் கிழியும். தெளிவான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நோரியைப் போட்டு இறக்கி வை. தானாக உள்ளே வரும், அப்படியே தண்ணீரோடு தூக்கு.